கல்லில் பொறித்த எல்லை



ஜெர்மனி நாட்டில் யேனா என்றொரு பழைய சர்வகலாசாலை நகரம் உண்டு. அந்நகரில் எர்ன்ஸ்ட் ஆபே என்னும் பேராசிரியரின் நினைவாக நிறுத்தப்பட்ட கல்லொன்றில், அவர் கண்ட சூத்திரம் பொறிக்கப்பட்டிருக்கிறது. மன்னர்களின் வெற்றிகளைக் கல்லில் வெட்டுவது உலக வழக்கம். மனிதனுக்கு இயலாதது இன்னது என்று கணக்கிட்டுச் சொன்ன ஒரு சூத்திரத்தைக் கல்லில் வெட்டிவைத்த ஊர் அது. ஒளியைக் கொண்டு எத்துணைச் சிறந்த நுண்பெருக்கியை இயற்றினாலும், அவ்வொளியின் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதிக்கும் குறைந்த இடைவெளியில் அமைந்த இரு புள்ளிகளை அது இரண்டாகப் பிரித்துக் காட்டாது என்பதே அச்சூத்திரத்தின் பொருள்.

இதனை நான் பல ஆண்டுகள் வகுப்பறையில் ஐயத்திற்கு இடமின்றிப் போதித்து வந்தேன். 1996-ஆம் ஆண்டில் ஒரு நாள், மேல்நிலை வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அப்படியானால் உயிரோடு இருக்கும் ஓர் உயிரணுவுக்குள்ளே ஒரு மூலக்கூறு நடமாடுவதை எவருமே பார்க்க முடியாதா?" என்று கேட்டான். "முடியாது, அது இயற்கையின் சட்டம், உட்கார்" என்றேன். சட்டத்தைச் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டே அதனைக் கடந்து செல்லும் வழியொன்று, நான் அவனை உட்காரச் சொல்வதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அச்சாகியிருந்தது. அதனை நான் அறியேன். அந்த வழி பிறந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

பதினேழாம் நூற்றாண்டில், ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் துணி வணிகம் செய்துவந்த லேவன்ஹுக் என்பவர், தாமே தேய்த்து இழைத்த ஒற்றை வில்லையின் வழியாக நீர்த்துளியில் நீந்தும் நுண்ணுயிர்களைக் கண்டு, இலண்டன் ராயல் சங்கத்துக்குக் கடிதங்கள் எழுதினார். அவருக்குச் சற்று முன், 1665-இல், இராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் கண்ட சிற்றறைகளுக்குச் 'செல்' என்று பெயரிட்டார். இவை உங்கள் பாடநூல்களிலேயே உள்ளவை, ஆகவே விரிக்கவில்லை. அதற்குப் பின் இருநூறு ஆண்டுகளாக நுண்பெருக்கி செய்வது ஒரு கைத்தொழிலாகவே இருந்தது. வில்லைகளை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்து, நன்றாகத் தெரிந்தால் விற்பார்கள், இல்லையேல் ஒதுக்கிவிடுவார்கள்.

யேனாவில் அத்தொழிலை நடத்திய கார்ல் ஸைஸ் என்பவருக்கு இந்தக் குருட்டு முயற்சி பிடிக்கவில்லை. கணக்கறிந்த ஒருவரைத் தேடி, 1866-இல் இளைஞரான ஆபேயைத் துணைக்கு அழைத்தார். ஆபே முறையாகக் கணக்கிட்டுச் செய்வித்த முதல் வில்லைகளோ, தொழிலாளிகள் கைப்பழக்கத்தால் செய்தவற்றைவிட மோசமாக இருந்தன! கோணலைத் தவிர்க்கும் பொருட்டு அவர் வில்லையின் வாயைக் குறுக்கியிருந்தார். வாய் குறுகக் குறுக உருவம் மங்கியது. ஏன் மங்குகிறது என்று ஆராயப் புகுந்தபோதுதான், ஒளி அலையாதலால் அது நுண்பொருளின் விளிம்பில் பட்டு விரிந்துவிடுகிறது என்பதும், விரிந்த கதிர்களை எவ்வளவு அகலமாக வாங்கினாலும் ஓர் அளவுக்குக் கீழே விவரம் கிட்டாது என்பதும் அவருக்குப் புலப்பட்டன. 1873-இல் அதனை வெளியிட்டார். தோல்வியின் காரணத்தை ஆராய்ந்ததில் பிறந்த சூத்திரம் அது.

இங்கே கதையை விட்டு ஒரு கணம் விலகுகிறேன். ஆபேயின் தந்தை நூற்பாலையில் ஒரு நாளைக்குப் பதினான்கு, பதினாறு மணி நேரம் நின்றபடியே உழைத்தவர். அவருக்கு உணவு கொண்டு சென்ற சிறுவன் அக்காட்சியை மறக்கவில்லை. பிற்காலத்தில் ஸைஸ் தொழிற்சாலை தன் பொறுப்பில் இருந்தபோது, 1900-இல், அங்கே எட்டு மணி நேர வேலையை நடைமுறைப்படுத்தினார். சூத்திரத்தைக் கல்லில் வெட்டியவர்கள் இதையும் வெட்டியிருக்கலாம் என்று நான் எண்ணுவதுண்டு.

சரி, அந்த எல்லையின் அளவு என்ன? ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறிட்டால் வரும் ஒரு கூறுக்கு நானோமீட்டர் என்று பெயர். பச்சை ஒளியின் அலைநீளம் சுமார் 500 நானோமீட்டர். ஆகவே ஆபேயின் எல்லை ஏறத்தாழ 200 முதல் 250 நானோமீட்டர் வரை. பாக்டீரியா ஒன்று ஓரிரண்டாயிரம் நானோமீட்டர் நீளமிருக்கும். அது நன்றாகத் தெரியும். ஆனால் உயிரணுவின் வேலையெல்லாம் செய்கின்ற புரத மூலக்கூறு சில நானோமீட்டர்களே உடையது. கார்த்திகைத் தீபத்தன்று தொலைவிலுள்ள ஓர் ஊரை மலைமேல் நின்று பார்த்தால் என்ன தெரிகிறது? ஆயிரம் அகல் விளக்குகள் எரிந்தாலும், நம் கண்ணுக்கு அவை ஒரே மங்கிய ஒளித்திட்டாகத்தான் தெரிகின்றன. ஆபேயின் எல்லைக்குள் அகப்பட்ட மூலக்கூறுகளின் நிலையும் அதுவே. இந்த உவமையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

எலக்ட்ரான் நுண்பெருக்கி இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். 1931-இல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ருஸ்கா முதலியோர் அமைத்த அக்கருவி, ஒளிக்குப் பதிலாக எலக்ட்ரான்களைக் கையாண்டு மிக நுட்பமான விவரங்களைக் காட்டியது. ஆனால் பொருளைக் காற்றில்லா வெளியில் வைக்க வேண்டும். நீரை அகற்றி, மிக மெல்லியதாகச் சீவ வேண்டும். உயிர் தாங்காது. மணவிழா நடந்த வீட்டை, விருந்தினர் யாவரும் போன பின்பு சென்று பார்ப்பது போன்றது அது. பந்தல் இருக்கும், வாழைமரம் இருக்கும், விழா இராது. சாதாரண நுண்பெருக்கியிலுங்கூடச் சாயமேற்றினால்தான் உறுப்புகள் தெரியும். சாயமேற்றுவதற்கு முன் உயிரணுவை மருந்திட்டுக் கொன்றுவிடுவது வழக்கம். உயிரைப் பற்றிய சாஸ்திரம், பிணத்தைப் பார்த்தே எழுதப்பட்டு வந்தது.

சாயமின்றியே உயிருள்ள அணுவைக் காட்டிய முதற் பெருமை ஹாலந்தின் ஃப்ரிட்ஸ் ஸெர்னிக்கே என்பவரைச் சாரும். ஒளி அலை உயிரணுவின் ஊடே செல்லும்போது சற்றே பின்தங்குகிறது. அந்தப் பின்னடைவை வெளிச்ச வேறுபாடாக மாற்றிக் காட்டும் உபாயத்தை 1930-களில் அவர் கண்டார். அதனை எடுத்துக்கொண்டு யேனாவுக்குச் சென்றபோது, பயனுள்ளதாக இருந்தால் நாங்களே எப்போதோ கண்டுபிடித்திருப்போம் என்ற கருத்தில் விடை கிடைத்ததாக அவரே பிற்காலத்தில் நினைவு கூர்ந்தார். 1953-இல் அவருக்கு நோபெல் பரிசு கிட்டியது. உயிருள்ள அணு பிரிவதைக் கண்ணாரக் காண முடிந்தது. ஆயினும் மூலக்கூறு தென்படவில்லை.

அது தென்பட வேண்டுமானால் இரண்டு காரியங்கள் நிகழ வேண்டியிருந்தன. உயிரணுவுக்குள்ளே கோடிக்கணக்கான மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கையில், நாம் விரும்பும் புரதத்தின் தலையில் மட்டும் ஒரு விளக்கை ஏற்ற வேண்டும். அது உயிரணுவைக் கொல்லவும் கூடாது. அதன் பின், ஆபேயின் எல்லையைத் தாண்ட வேண்டும். இவ்விரண்டில் முதலாவது, எவரும் எதிர்பாராத இடத்திலிருந்து, அதாவது கடலிலிருந்து, வந்தது.

1945-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் நாகசாகியின் மீது அணுகுண்டு வீசப்பட்டபோது, சில மைல் தொலைவில் ஒரு தொழிற்சாலையில் போர்க்கால வேலைக்கு அனுப்பப்பட்டிருந்த பதினாறு வயதுப் பையன் ஒருவனுக்கு, ஜன்னல் வழியே வந்த ஒளிவீச்சினால் அரை நிமிடம் கண் தெரியாமற் போயிற்று. வீடு திரும்பும் வழியில் கரிய மழை பெய்து அவனுடைய வெள்ளைச் சட்டையைச் சாம்பல் நிறமாக்கியது. பாட்டி உடனே குளிப்பாட்டினாள். அவன் பெயர் ஒஸாமு ஷிமோமுரா. அந்தக் கொடிய ஒளியைக் கண்ட அவர், வாழ்நாளெல்லாம் உயிர்களின் தண்ணொளியை ஆராய்ந்தார்.

1961-ஆம் ஆண்டு கோடையில் அவர் பேராசிரியர் ஃப்ராங்க் ஜான்ஸனுடன் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஃப்ரைடே ஹார்பருக்குச் சென்றார். அங்கே ஈக்வோரியா என்னும் சொறிமீன்கள் கூட்டங்கூட்டமாக மிதக்கும்; தொட்டால் விளிம்பில் பசுமையாக ஒளிரும். அந்த ஒளிப்பொருளைப் பிரித்தெடுக்கப் பல நாள் முயன்றும் பயனில்லை. ஒரு நாள், வேண்டாமென்று சாற்றைக் கழுவுதொட்டியில் கொட்டினார். தொட்டியில் கடல்நீர் வடிந்துகொண்டிருந்தது. தொட்டி முழுவதும் நீல ஒளி பளீரென்று வீசியது! கடல்நீரிலுள்ள கால்சியமே அதைத் தூண்டியது என்பதை விரைவில் அறிந்தார். அக்கோடையில் மட்டும் பதினாயிரம் அளவில் சொறிமீன்களைப் பிடித்து விளிம்பை அறுத்துப் பிழிந்தார்கள். 1962-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை அந்த நீல ஒளிப் புரதத்தைப் பற்றியது. கூடவே கிடைத்த மற்றொரு புரதத்தை, அது பச்சையாக ஒளிர்கிறது என்று போகிற போக்கில் குறித்துவைத்தார்கள். அதனால் உலகுக்கு ஒரு பயன் விளையும் என்று அப்போது ஷிமோமுராவே நினைக்கவில்லை. எனினும் கோடைதோறும் குடும்பத்துடன் வலையேந்திச் சென்று, ஆண்டுகள் பலவாக எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சொறிமீன்களைத் திரட்டினார்.

அந்தப் பச்சைப் புரதத்தை உயிரணுவின் விளக்காக்கலாம் என்று எண்ணியவர்களில் முதல்வர் டக்ளஸ் ப்ராஷர். புரதத்தைப் பிழிந்தெடுப்பதை விட்டு, அதனைச் செய்விக்கும் மரபணுவைப் பிடித்துவிட்டால், அம்மரபணுவை வேறொரு புரதத்தின் மரபணுவோடு தைத்துவிடலாம். அப்போது உயிரணு அந்தப் புரதத்தை உண்டாக்கும்போதே அதன் தலையில் விளக்கையும் சேர்த்தே உண்டாக்கிவிடும் அன்றோ? 1992-இல் அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் ஆய்வுக்கூடத்தில் அவர் அந்த மரபணுவைப் பிரித்து வெளியிட்டார். அத்துடன் அவருக்குப் பொருளுதவி நின்றுபோயிற்று. தாம் கண்டதைப் பூட்டி வைக்காமல், கேட்டு எழுதிய இருவருக்கு அதை அனுப்பி வைத்தார். ஒருவர் மார்ட்டின் சால்ஃபி. மற்றவர் ராஜர் ட்ஸியென்.

சால்ஃபி அதனைப் பாக்டீரியாவிலும், பின்னர் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள, கண்ணாடி போன்ற உடலுடைய ஒரு புழுவிலும் புகுத்தினார். புழுவின் தொடு உணர்வு நரம்பணுக்கள் உயிருடன் பச்சையாக ஒளிர்ந்தன. சொறிமீனிலிருந்து வேறெந்தத் துணைப்பொருளும் தேவைப்படவில்லை என்பதே வியப்பு. இது 1994-இல் வெளிவந்தது. ட்ஸியென் அப்புரதத்தைச் சிற்சில இடங்களில் திருத்தி, ஒளியை மிகுவித்து, நீலம், மஞ்சள் என்று நிறங்களைப் பெருக்கினார். 2008-இல் ஷிமோமுரா, சால்ஃபி, ட்ஸியென் ஆகிய மூவர்க்கும் இரசாயனத்துக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. ஒரு பரிசை மூவருக்கு மேல் பகிர முடியாது என்பது விதி. அந்த ஆண்டில் ப்ராஷர், அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில் நகரில் ஒரு கார் விற்பனைக் கடையின் வண்டியோட்டியாக வாடிக்கையாளர்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். அவரையும் அவர் மனைவியையும் சால்ஃபியும் ட்ஸியென்னும் தம் செலவில் ஸ்டாக்ஹோமுக்கு அழைத்துச் சென்றார்கள். பின்னர் 2012-இல் ட்ஸியென்னின் ஆய்வுக்கூடத்திலேயே அவருக்கு வேலையும் கிடைத்தது. இவ்வரலாற்றில் எனக்கு மிகவும் பிரியமானவர் யார் என்று கேட்டால், தபாலில் மரபணுவை அனுப்பிய அந்த மனிதரைத்தான் சொல்வேன்.

விளக்கு கிடைத்துவிட்டது, இனி எல்லை. ருமேனியாவில் அராட் நகரில் 1962-இல் பிறந்து, பதின்பருவத்தில் பெற்றோருடன் ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்தவர் ஸ்டெஃபான் ஹெல். ஆபேயின் எல்லையைத் தாண்டலாம் என்று இவர் சொன்னபோது ஜெர்மனியில் ஆதரிப்பார் அரிதாக இருந்தனர். பின்லாந்தின் டுர்க்கு நகரில் ஓர் இடம் கிடைத்தது. 1993-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமைக் காலை, விடுதி அறையில் ஒளியைப் பற்றிய நூலொன்றைப் புரட்டிக்கொண்டிருக்கையில், 'தூண்டப்பட்ட உமிழ்வு' என்னும் சொல் அவர் கண்ணிற் பட்டது. ஒளிரப்போகும் மூலக்கூறின்மேல் தகுந்த நிறமுள்ள வேறொரு கதிரைச் செலுத்தினால், அதன் சக்தி அப்போதே வேறு நிறத்தில் இறங்கிவிடும். பின் அது வழக்கம்போல் ஒளிராது. அதாவது, விளக்கை ஏற்றுவதைப் போலவே அணைக்கவும் ஒளியாலேயே முடியும்.

நம் வீட்டு உளுந்து வடையை நினைத்துக்கொள்ளுங்கள். முதற்கதிர் ஒரு வட்டப் பரப்பு முழுவதிலும் உள்ள மூலக்கூறுகளை ஒளிரத் தூண்டும். அந்த வட்டத்தையும் ஆபேயின் எல்லைக்கும் குறைவாகச் சுருக்க முடியாது. உடனே, நடுவில் ஓட்டையுள்ள வடைபோன்ற இரண்டாவது கதிர் அதன்மேல் விழும். வடை விழுந்த இடமெல்லாம் அணைந்துபோகும். ஓட்டைக்குள் இருப்பவை மட்டுமே ஒளிரும். இரண்டாவது கதிரை வலுப்படுத்த வலுப்படுத்த ஒளிரும் புள்ளி சுருங்கிக்கொண்டே போகும். அப்புள்ளியை வரிசை வரிசையாக நகர்த்தினால் படம் தயார். இங்கே வில்லையைப் பற்றி ஆபே சொன்னது எதுவும் பொய்யாகவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லா மூலக்கூறும் ஒரே காலத்தில் ஒளிர வேண்டும் என்று கட்டாயம் ஏதுமில்லையே என்பதைத்தான் ஹெல் கண்டார். 1994-இல் கருத்து வெளிவந்தது. 2000-ஆம் ஆண்டில் செய்தும் காட்டினார்.

இனி அந்தக் கார்த்திகை விளக்குகளுக்கு வருவோம். ஆயிரம் விளக்கும் ஒன்றாக எரிவதால்தான் ஒளித்திட்டு மங்கிக் கலங்குகிறது. ஒரே ஒரு விளக்கு மட்டும் எரிந்தால், அதுவும் மங்கிய திட்டாகவே தெரியும். ஆனால் அத்திட்டின் நட்டநடு எது என்று மிகத் துல்லியமாகக் குறித்துவிடலாம். அதை அணைத்து, மற்றொன்றை ஏற்றி, அதன் நடுவையும் குறிக்கலாம். இப்படி ஆயிரத்தையும் குறித்து முடித்தால், ஊரின் தெருக்கள் யாவும் படத்தில் எழுந்துவிடும். இதற்கு முதலில் ஒற்றை மூலக்கூறின் ஒளி விளைவைத் தனித்து அறிய வேண்டும். அதை 1989-இல் வில்லியம் மோர்னர் குளிர்வித்த ஒரு படிகத்தில் செய்து காட்டினார். 1997-இல் அவரே, சொறிமீனின் பச்சைப் புரத வகையொன்று அணைந்துபோன பின்னும் வேறு நிற ஒளியால் மீண்டும் ஏற்றப்படுவதைக் கண்டார்.

இம்முறையின் கருத்தை 1995-லேயே எழுதியவர் எரிக் பெட்ஸிக். எழுதிவிட்டு, ஆராய்ச்சியே சலித்துப்போய், மிச்சிகனில் தம் தந்தையின் இயந்திரத் தொழிலுக்குப் போய்விட்டார். பல ஆண்டுகள் கழித்து, வேலையின்றி இருந்த காலத்தில், பழைய தோழர் ஹெரால்ட் ஹெஸ்ஸுடன் சேர்ந்து மீண்டும் புறப்பட்டார். ஒளியைப் பாய்ச்சினால் விழித்துக்கொள்ளும் புதிய பச்சைப் புரதத்தைப் பற்றி 2005-இல் கேள்வியுற்றதும், தம்மிடம் இல்லாதிருந்தது அதுதான் என்பதை உணர்ந்தார். ஹெஸ்ஸின் வீட்டுக் கூடத்திலேயே கருவியைப் பூட்டினார்கள். 2006-இல் உயிரணு உறுப்புகளின் படங்கள், முன்னெவரும் காணாத தெளிவில் வெளிவந்தன. அதே ஆண்டில், இதை ஒத்த முறையொன்றை ஹார்வர்டில் ஷியாவ்வெய் ஜுவாங் அம்மையாரின் குழுவினரும் கண்டனர். 2014-இல் பெட்ஸிக், ஹெல், மோர்னர் மூவரும் நோபெல் பரிசு பெற்றனர்.

எனினும் இடர்கள் முற்றும் தீர்ந்துவிடவில்லை. வலிய ஒளி உயிரணுவைச் சுட்டு வாட்டும். பார்ப்பதே பார்க்கப்படுவதைக் கொல்லலாம். விளக்கு விளக்காகக் குறிக்கும் முறையிலோ ஒரு படத்துக்கு நெடுநேரமாகும். அதற்குள் உயிரணு அசைந்துவிடும். பரிசு அறிவிக்கப்பட்ட அதே மாதத்தில் பெட்ஸிக் வெளியிட்டது, மெல்லிய தகடு போன்ற ஒளியைப் பக்கவாட்டில் செலுத்தி, உயிரணுவை வருத்தாமல் படமெடுக்கும் மற்றொரு முறை. சாயமோ விளக்கோ இல்லாமலே மூலக்கூறை அடையாளங் காணும் வழியும் ஒன்றுண்டு. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1928-இல் கண்ட ஒளிச்சிதறலை அடிப்படையாகக் கொண்டது அது. ஒவ்வொரு மூலக்கூறும் ஒளியைச் சிதறடிக்கும் பாங்கே அதன் கைரேகையாகிறது. அவ்வழியில் அமைந்த நுண்பெருக்கிகள் உயிரணுவுக்குள்ளே கொழுப்பு எங்கே உள்ளது, புரதம் எங்கே உள்ளது என்று காட்டுகின்றன. இராமன் விளைவைப் பரீட்சைக்காக உருப்போடும் மாணவர்கள் இதையும் தெரிந்துகொள்வது நலம்.

ஹெல் பின்னர் இரு வழிகளையும் ஒன்றாக்கி, வடை வடிவ ஒளியின் ஓட்டையைக் கொண்டே ஒற்றை மூலக்கூறின் இடத்தை ஓரிரு நானோமீட்டர் துல்லியத்தில் அளக்கும் கருவியை அமைத்தார். அவ்வகைக் கருவியின் துணைகொண்டு 2023-இல் ஆராய்ச்சியாளர் ஒரு காட்சியைக் கண்டனர். உயிரணுவுக்குள்ளே நுண்குழல்கள் பாதைகளாக ஓடுகின்றன. அப்பாதைகளின்மீது சுமை தூக்கிச் செல்லும் புரதம் ஒன்றுண்டு. கினெஸின் என்பது அதன் பெயர். அதற்கு இரண்டு பாதங்கள். ஒன்றை ஊன்றி மற்றொன்றை எடுத்து வைக்கும். எடுத்து வைக்கும் பாதம் ஓர் அடிக்கு 16 நானோமீட்டர் முன்னேறும். கண்ணாடித் தகட்டில் பிரித்தெடுத்து வைத்த கினெஸினின் நடையை முன்னரே அளந்திருந்தார்கள். இம்முறை உயிரோடு இருந்த மனித அணுவுக்குள்ளேயே, அது அடிமேல் அடி வைத்துச் செல்வதை அளந்தார்கள்.

என் வகுப்பில் எழுந்து நின்ற அந்த மாணவனுக்கு இன்று நாற்பதைத் தாண்டிய வயதிருக்கும். எங்கே இருக்கிறான் என்று அறியேன். இந்த வானொலியை அவன் கேட்டுக்கொண்டிருந்தால், அவனுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றே: பார்க்க முடியும், தம்பி, பார்த்துவிட்டார்கள்.